"என் கைதட்டுக்கா பயப்படுற?": பதினாறு வாரம் நடந்த ஒரு குழுவோட நிகழ்வு ஆய்வு

மொதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். இதுல வர்ற யாருக்கும் பேர் கிடையாது. வயசு, வேலை, ஊர் எல்லாத்தையும் கலைச்சுப் போட்டிருக்கேன், சில எடத்துல ரெண்டு பேருக்கு நடந்தத ஒருத்தர் மேல ஏத்தியும் எழுதிருக்கேன். எழுதினத குழுவுல இருந்தவங்களுக்கு வாசிச்சுக் காட்டினேன். எட்டு பேர்ல மூணு பேர் "எங்களப் பத்தி ஒரு வரி கூட வேணாம்"னுட்டாங்க, சரின்னு எடுத்துட்டேன். ஒருத்தர்கிட்ட மட்டும் ரொம்ப லேட்டாத்தான் கேக்க முடிஞ்சுது, ஏன்னு போகப்போகத் தெரியும்.

நான் கவுன்சிலர். வீட்லயும் வெளிலயும் பட்ட கொடுமை மனசுல விட்டுட்டுப் போன காயத்தப் பேசி ஆத்திக்கற குழு இது. என்கூட சேந்து நடத்தினவர் ஒரு திருநம்பி (பொண்ணுன்னு வளத்தாலும் ஆணா வாழறவர்), பல வருஷமா பியர் கவுன்சிலிங், அதாவது தன்ன மாதிரி இருக்கறவங்களுக்கே ஆலோசனை சொல்ற வேலை, பண்றவர். எடம் சென்னைல ஒரு வாடகை மாடி, லிஃப்ட் கிடையாது, ஃபேன் ரெண்டு, அதுல ஒண்ணு கடகடன்னு சத்தம் போடும். வந்தவங்க எல்லாரும் திருநங்கை, திருநம்பி, தன்பாலீர்ப்பு உள்ளவங்க, எல்லாரும் பதினெட்டத் தாண்டினவங்க. ஞாயித்துக்கிழமை மத்தியானம் மூணுலேருந்து நாலரை. அந்த நேரத்த சும்மா வெக்கல. ஞாயித்துக்கிழமை கறிக்கொழம்பு சாப்ட்டுட்டு வீடே தூங்குற நேரம் அது, யார் எங்க போறாங்கன்னு ஒருத்தரும் கேக்கமாட்டாங்க. டெலிவரி ஓட்டுறவருக்கு மதிய ஆர்டர் முடிஞ்சிருக்கும், பார்லர் வெச்சிருக்கறவங்களுக்குக் காலைக் கூட்டம் கலைஞ்சிருக்கும். பதினாறு வாரம், நடுவுல புதுசா யாரையும் சேக்கமாட்டோம்.

ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒவ்வொருத்தரையும் ரெண்டு தடவ தனியா பாத்தோம். இப்போதைக்குத் தற்கொலை எண்ணம் தீவிரமா இருக்கறவங்க, குடிய நிறுத்தவே முடியாத கட்டத்துல இருக்கறவங்க, இவங்களுக்குக் குழு ஒடனே சரிப்படாது, தனியா பாத்து கொஞ்சம் நெலப்பட்டப்புறம் கூப்புடலாம். மத்த எல்லாருக்கும் ஒரு சின்ன அட்டை எழுதிக் குடுத்தோம், மோசமான ராத்திரில வரிசையா என்னென்ன பண்ணணும், யாருக்கு ஃபோன் பண்ணணும்னு. கடைசி வரி அரசாங்கத்தோட மனநல ஹெல்ப்லைன் டெலி மானஸ் நம்பர், 14416. அந்த அட்டைய எழுதும்போதே பாதிக் கதை வெளில வந்துரும். "கஷ்டமான நேரத்துல தேடிப் போற மாதிரி ஒரு மூணு பேர் சொல்லுங்க"ன்னேன். ஒருத்தங்க ரொம்ப நேரம் யோசிச்சுட்டுத் தன் நாயோட பேரச் சொன்னாங்க. எழுதிக்கிட்டேன்.

அப்புறம் அந்த ஃபார்ம். பிசிஎல்-5னு ஒரு கேள்வித்தாள், 20 கேள்வி, ஒவ்வொண்ணுக்கும் 0லேருந்து 4 வரைக்கும் மார்க், மொத்தம் 80. உங்களுக்கு நடந்த அந்த சம்பவம் போன ஒரு மாசத்துல எவ்ளோ தொந்தரவு குடுத்துச்சுன்னு கேக்கும். பார்லர் அக்கா (திருநங்கை, நாப்பதத் தாண்டினவங்க, இனிமே அக்கான்னே எழுதறேன்) பேனாவக் கைல வெச்சுக்கிட்டு என்னையே பாத்தாங்க. "எந்த சம்பவம்மா? பதினாலு வயசுல எங்கண்ணன் வெறகுக் கட்டையால அடிச்சானே அதா, ஊர விட்டு ஓடியாந்தேனே அதா, ஸ்டேஷன்ல ஒரு ராத்திரி வெச்சிருந்தானுங்களே அதா, இல்ல அப்பா கருமாதிக்குப் போனப்ப நடந்துச்சே அதா? ஒண்ணு எழுதத்தான எடம் விட்டிருக்கீங்க."

அவங்க கேட்டது நியாயமான கேள்வி. மனநோய்கள வரையறுக்கற அமெரிக்காக்காரங்க புக்கான டிஎஸ்எம்-5 படி பிடிஎஸ்டின்னு (பெரிய அதிர்ச்சிக்கு அப்புறம் விடாம தொரத்தற மனப்பாதிப்பு) சொல்லணும்னா சாவு, சாவு மிரட்டல், படுகாயம், பாலியல் வன்முறை இதுல ஏதாவது நடந்திருக்கணும். பதினஞ்சு வயசுல வீட்ட விட்டுத் தொரத்தினது மட்டும்னா அதுல வராது. பத்து வருஷம் தெருவே கூடி "ஒம்போது"ன்னு கூப்புட்டது வராது. உலக சுகாதார நிறுவனத்தோட நோய்ப் பட்டியலான ஐசிடி-11, 2022 ஜனவரில நடைமுறைக்கு வந்தது, அதுல காம்ப்ளெக்ஸ் பிடிஎஸ்டின்னு ஒண்ணு தனியா சேத்திருக்காங்க. பெரும்பாலும் திரும்பத் திரும்ப, தப்பிச்சு ஓடமுடியாத எடத்துல நடந்த கொடுமையால வர்றது அது. கெட்ட கனவு, திடுக்குனு பயம் இதோட நிக்காது, கோவமும் அழுகையும் கட்டுக்குள்ள நிக்காம போறது, நான் ஒண்ணுக்கும் லாயக்கில்லன்னு அடிமனசுல நம்பிடறது, யாரோடயும் ஒட்டமுடியாம போறது எல்லாம் சேந்தது. (அதே ஐசிடி-11லதான் திருநரா இருக்கறத மனநோய்ப் பட்டியல்லேருந்தே தூக்கி வேற அத்தியாயத்துல வெச்சாங்க.) இத அக்காகிட்ட வெளக்கினப்ப "இவ்ளோ நாள் இதுக்கு நீங்க பேரே வெக்கலியா"ன்னு மட்டும் கேட்டாங்க.

பேர்னதும் இன்னொண்ணு. ட்ராமாவுக்குத் தமிழ்ல என்ன சொல்றதுன்னு நாங்க தயாரிச்ச தாள்ல "மனவடு"ன்னு போட்டிருந்தோம். ஒருத்தரும் அத வாயால சொல்லல. பழசத் திடீர்னு கெளப்பி விடறத ட்ரிகர்னு ஐடில இருக்கறவர் சொல்வார். அக்கா "சோத்துக்கு நிக்கிறப்ப ஒருத்தன் சைக்கிள் செயின சுத்தினான், அது என்னயக் கூட்டிட்டுப் போயிடுச்சு"ன்னாங்க. டெலிவரி தம்பி "பழைய ரூட்ல ஏத்திவிட்டுருச்சு"ன்னார். ரெண்டாவது மாசம் வர்றதுக்குள்ள யாராவது பேச்ச நிறுத்திட்டு ஒரு பக்கமா வெறிச்சா பக்கத்துல இருக்கறவங்க "எங்க கூட்டிட்டுப் போச்சு?"ன்னு கேக்கற பழக்கம் தானா வந்துருச்சு. நாங்க சொல்லிக்குடுத்தது இல்ல. க்வியர்ன்றதுக்குத் தமிழ்ல சொல்ற பால்புதுமையர்ன்ற வார்த்தைய அறிமுகப்படுத்தினப்ப அக்கா சிரிச்ச சிரிப்பு எனக்கு இன்னும் கேக்குது. "புதுமை என்ன புதுமை, எங்க குருவுக்குக் குரு கூவாகத்துல தாலி கட்டிக்கிட்டப்ப உங்க அம்மாவே பொறந்திருக்கமாட்டாங்க."

ரெண்டாவது வாரமே சறுக்கினேன். எல்லாரும் பண்ற மூச்சுப் பயிற்சிதான். கண்ண மூடுங்க, நெஞ்சு விரியற மாதிரி ஆழமா இழுங்க, மெதுவா விடுங்க. டெலிவரி தம்பி இருவத்தி நாலு வயசு திருநம்பி. மூணாவது மூச்சுல மொகம் வெளுத்து எழுந்து வெளில போயிட்டார். கூட நடத்தினவருக்கு ஒடனே புரிஞ்சுருச்சு, எனக்குப் புரியல. தம்பி மார்பு வெளில தெரியாம இருக்க சட்டைக்குள்ள மெடிக்கல் ஷாப்ல வாங்கற க்ரேப் பேண்டேஜ இறுக்கிச் சுத்திருந்தார், காலைல எட்டு மணிலேருந்து, பைக்ல, வெயில்ல. அந்த பேண்டேஜ் நேரம் ஆக ஆக இறுகும், மூச்சு வாங்கும், விலா எலும்புக்கே ஆபத்து. அதுல நெஞ்சு எப்படி விரியும்? விரிஞ்சாலும், எந்த எடத்த மறக்கறதுக்காக மனுஷன் இவ்ளோ பாடுபடறாரோ அதே எடத்த "கவனிங்க"ன்னு நான் சொல்லிட்டிருக்கேன். கண்ண மூடச் சொன்னதும் தப்பு. தூங்கும்போது அடி வாங்கினவங்க அந்த ரூம்ல ரெண்டு பேர் இருந்தாங்க.

அதுக்கப்புறம் மூச்சும் இல்ல, தலைலேருந்து கால் வரைக்கும் ஒடம்ப கவனிக்கற பயிற்சியும் இல்ல. கண் தொறந்திருக்கும், ரெண்டு பாதமும் தரைல. கண்ணுக்குத் தெரியற அஞ்சு பொருள், தொடமுடியற நாலு, காதுல விழற மூணு, வாசன ரெண்டு, ருசி ஒண்ணு. ருசிக்கு நடுவுல ஒரு பாட்டில் நெறைய எலுமிச்சம்பழ மிட்டாய் வெச்சோம், புளிப்பு நாக்குல பட்டா ஆளு சட்டுனு இங்க வந்துருவாங்கன்னு. அந்த மிட்டாயும் ரெண்டு வாரத்துல தப்பாப் போச்சு, வரேன் அதுக்கு.

மூணாவது வாரம் டீ. பிரேக்ல பேப்பர் கப்ல குடுத்தோம், கழுவற வேலை மிச்சம்னு. அக்கா எடுக்கல. ரெண்டாவது தடவ நீட்டினப்ப "வேணாம்மா"ன்னாங்க. அன்னிக்கு ஏன்னு சொல்லல, கெளம்பும்போது செருப்பு மாட்டிக்கிட்டே சொன்னாங்க. அப்பா கருமாதிக்குப் போனப்ப பந்தல்ல எல்லாருக்கும் எவர்சில்வர் டம்ளர், இவங்களுக்கு மட்டும் தம்பி பொண்டாட்டி பேப்பர் கப்ல கொண்டாந்து குடுத்திருக்கா. குடிச்சுட்டு வெச்ச கப்ப குச்சியால தள்ளி குப்பைல போட்டிருக்காங்க. வெறகுக் கட்டைய விட அதுதான் வலிச்சுதுன்னாங்க. அடுத்த வாரம் பத்து எவர்சில்வர் டம்ளர் வாங்கினோம், எல்லாம் ஒரே மாதிரி, அடையாளம் எதுவும் இல்லாம. யார் குடிச்சத யார் கழுவறாங்கன்னு கணக்கு கெடையாது. மொத நாள் ஐடிக்காரர் தான் சிங்க்ல நின்னு பத்தையும் கழுவினார், வீட்ல அவர் டம்ளர் கழுவிருப்பார்னு எனக்குத் தோணல.

இந்தத் தொழில்ல அமெரிக்க மனநல டாக்டர் ஜூடித் ஹெர்மன் 1992-ல சொன்ன மூணு கட்டம் எல்லாரும் படிக்கிறதுதான். மொதல்ல பாதுகாப்பு, அப்புறம் நடந்தத நெனச்சு துக்கப்படறது, அப்புறம் மனுஷங்களோட திரும்ப சேர்றது. நாங்களும் அப்படித்தான் பிளான் போட்டோம், மொத அஞ்சு வாரம் பாதுகாப்புக்குன்னு. ஆனா நாலரை மணிக்கு செஷன் முடிஞ்சா குழுவுல இருக்கற டீச்சர் அதே வீட்டுக்குத்தான போறாங்க? காலேஜ் பையன் அதே அப்பா முன்னாடிதான உக்காந்து சாப்புடறான்? நடந்து முடிஞ்சுபோனதுக்காக எழுதின வைத்தியத்த நடந்துட்டே இருக்கறதுக்கு அப்படியே எடுத்து வெச்சா பொருந்தாது. அதனால பாதுகாப்ப ஒரு கட்டமா வெக்காம ஒவ்வொரு வாரமும் மொத கால் மணி நேரமும் கடைசி பத்து நிமிஷமும் அதுக்குன்னு ஒதுக்கினோம். மொதல்ல வார நடப்பு: யார் வீட்ல என்ன, யாராவது கைய நீட்டினாங்களா, கல்யாணப் பேச்சு வந்துச்சா. கடைசில எறங்கற நேரம்: இப்ப இங்கேருந்து எப்படிப் போறீங்க, என்ன சொல்லிட்டு வந்தீங்க. ஒருத்தர் பஞ்சுல தேங்காண்ணெய் தொட்டு கண்மையத் தொடைப்பார், கொஞ்சங்கூட தெரியாத வரைக்கும். அதுக்கு அஞ்சு நிமிஷம் ஆகும். அந்த அஞ்சு நிமிஷம் நாங்க யாரும் பேசமாட்டோம்.

அஞ்சாவது வாரம் காலேஜ் பையன் பேசினான். அதுவரைக்கும் மிட்டாய் பாட்டில் பக்கம் வந்தாலே மொகத்தத் திருப்பிக்குவான், நான் சக்கர பிடிக்காதுபோலன்னு நெனச்சேன். பத்தொன்பது வயசுல ஃபோன்ல ஒரு மெசேஜ அப்பா பாத்திருக்கார். ஒரு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயிருக்காங்க, அவர் பையன்கிட்ட பத்து நிமிஷம் கூட பேசாம மாத்திரை எழுதிருக்கார். நாள் பூரா தூக்கம், வாய்ல எச்சில் ஒழுகுது, நாக்கு தடிச்சுப்போச்சு, பரிட்சை போச்சு. "சரியாகல"ன்னதும் ஊர்ல ஒருத்தர்கிட்ட கூட்டிட்டுப் போயி மூணு ராத்திரி. வேப்பிலை, சாட்டை, கண்ல எலுமிச்சம்பழச் சாறு. எலுமிச்சை. நாங்க வாரா வாரம் அவன் மூக்குக்கு நேரா அத வெச்சிருந்திருக்கோம். அன்னிக்கே பாட்டில மாத்தி புளி மிட்டாய் போட்டோம். அவன்தான் கடைக்குப் போய் வாங்கிட்டு வந்தான்.

அந்த டாக்டர் பண்ணது எந்தக் கணக்குலயும் வைத்தியம் இல்ல. 2017 மனநலச் சட்டத்துலயே இருக்கு, ஊர் வழக்கத்துக்கும் ஒழுக்கத்துக்கும் ஒத்துவரலன்றத வெச்சு ஒருத்தர மனநோயாளின்னு முடிவு பண்ணக்கூடாதுன்னு. 2021 ஜூன் 7-ல சென்னை ஐகோர்ட் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், வீட்டுக்குப் பயந்து பாதுகாப்பு கேட்டு வந்த ரெண்டு பெண்களோட வழக்குல, ஈர்ப்பையும் பாலினத்தையும் மாத்தறேன்னு பண்ற இந்த வைத்தியத்தத் தடை பண்ணச் சொல்லி உத்தரவு போட்டார். தீர்ப்பு எழுதறதுக்கு முன்னாடி எனக்கே இது புரியலன்னு சொல்லி அவரே ஒரு சைக்காலஜிஸ்ட் முன்னாடி போய் உக்காந்து கத்துக்கிட்டார். அந்த வழக்கோட தொடர்ச்சியாத்தான் 2022-ல தேசிய மருத்துவ ஆணையம் இத டாக்டர்களோட தொழில் ஒழுங்கு மீறல்னு அறிவிச்சுது. இதெல்லாம் நான் சொன்னப்ப பையன் கேட்டான், "அக்கா, ஜட்ஜே கிளாஸுக்குப் போனாரா?" எங்கப்பாவுக்கும் அந்த கிளாஸ் கெடைக்குமான்னு அவன் கேக்கல. எல்லாருக்கும் அந்தக் கேள்வி கேட்டுச்சு.

ஆறாவது வாரம் நடந்தது என் தப்பு. சனிக்கிழமை ராத்திரி வழக்கம்போல ரிமைண்டர் அனுப்பினேன், "நாளை 3 மணி குழு செஷன், போன வாரம் பேசினது பெரிய விஷயம், தைரியமா வாங்க". என் டிபில ஒரு சின்ன வானவில் இருந்துச்சு. ஃபோன் அந்த நேரத்துல சார்ஜ்ல இருந்திருக்கு, அவன் அண்ணன் கைல. பையன் ஞாயித்துக்கிழமை வரல. திங்கக்கிழமை ஒத்த டிக். செவ்வாய்க்கிழமையும் ஒத்த டிக். அவனோட அட்டைல எழுதிருந்த ஃப்ரெண்டக் கூப்புட்டு விசாரிச்சதுல உயிரோட இருக்கான், ஊருக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க, ஃபோன புடுங்கிட்டாங்க, அவ்ளோதான் தெரிஞ்சுது. அந்த ஃப்ரெண்ட்கிட்ட சட்ட உதவி நம்பரெல்லாம் குடுத்து வெச்சோம். வேற எதுவும் எங்களால பண்ணமுடியல. எல்லாரோட ஒப்புதல் படிவத்துலயும் ரகசியம் காக்கப்படும்னு பெருசா எழுதி கையெழுத்து வாங்கிருந்தேன், ஆனா "உங்க ஃபோன வேற யார் யார் எடுப்பாங்க?"ன்னு ஒரே ஒரு கேள்வி கேக்கல.

ஏழாவது வாரம் அந்தக் காலி நாற்காலிய எடுக்கலாமா வேணாமான்னே தெரியாம அப்படியே வெச்சிருந்தோம். நடந்தத மறைக்காம சொன்னேன். ஐடிக்காரர், முப்பது வயசு, நல்லா படிச்சவர், ஆம்பளைங்க மேல ஈர்ப்புன்னு அம்மாகிட்ட மட்டும் சொன்னவர், இங்கிலீஷ்ல நிதானமா ஆரம்பிச்சார், இது அடிப்படைத் தவறு, நான் எப்படி இனிமே உங்கள நம்பறதுன்னு. சொல்லட்டும், சொல்லவேண்டியதுதான்னு நான் உக்காந்திருக்கேன். அக்காவுக்குத் தாங்கல. "ஒரு புள்ளயக் காப்பாத்தத் துப்பில்ல, என்னா செஷன்"னு என்னைப் பாத்து கத்திக்கிட்டே பட்டுனு ஒரு தட்டு தட்டினாங்க. கையத்தான். திருநங்கைங்க தட்டற அந்தத் தட்டு. மாடி ரூம்ல அது வெடி மாதிரி கேட்டுச்சு.

ஐடிக்காரரோட நாற்காலி ஒரு அடி பின்னாடி போச்சு. "ஐ டோன்ட் ஃபீல் சேஃப் ஹியர்."

அக்காவுக்கு அந்த இங்கிலீஷ் நல்லாவே புரியும். "என் கைதட்டுக்கா பயப்படுற? உன் வீட்டுக்காரங்களுக்குப் பயந்தா நாயம், ரோட்ல போறவனுக்குப் பயந்தா நாயம். என்னயப் பாத்தா பயப்படுற?" ஒருத்தரும் மூச்சு விடல. அந்த நேரத்துல நான் ஏதாவது புத்தகத்துல இருக்கற மாதிரி சமாதான வார்த்தை சொல்லிருந்தா எல்லாம் கெட்டுப் போயிருக்கும், என் அதிர்ஷ்டம் எனக்கு வாய் வரல. கூட நடத்தினவர்தான் மெதுவா அவரப் பாத்து கேட்டார், "தம்பி, எங்க கூட்டிட்டுப் போச்சு?"

ரெண்டு நிமிஷம் ஆச்சு. அப்புறம் வந்தது தமிழ்ல. எட்டு ஒம்போது வயசு. அரக்கோணம் லோக்கல். ஜன்னல் சீட். பொட்டில ரெண்டு திருநங்கைங்க ஏறி கைதட்டிக்கிட்டே வந்திருக்காங்க. அப்பா இவரோட தாடையப் புடிச்சு அந்தப் பக்கமா திருப்பி, "நல்லா பாரு. இப்படி நடந்துக்கிட்டே இருந்தேன்னா இவங்ககிட்டதான் விட்டுட்டு வருவேன்"னிருக்கார். வீட்டுக்கு வந்தப்புறமும் இவர் கை கொஞ்சம் வளைஞ்சா, நடை கொஞ்சம் மாறினா, அப்பா எதுவும் பேசமாட்டாராம். கைய மட்டும் ஒரு தட்டு தட்டுவாராம். அதே மாதிரி. காலேஜ் போற வரைக்கும்.

ரெண்டு வருஷம் தனியா தெரபிக்குப் போனவர் இவர், இங்கிலீஷ்ல. இந்த ட்ரெயின் அங்க ஒரு நாளும் வரலன்னார். எனக்கு அதுல ஆச்சரியமே இல்ல, அடி விழுந்தது தமிழ்ல, அத இங்கிலீஷ்ல சொன்னா வலிக்காது, வலிக்காத எடத்துலயே சுத்திச் சுத்தி வரலாம். ஆனா மொழி மட்டும் இல்ல. ஒரு நாற்காலில நானும் எதிர்ல அவரும் மட்டும் உக்காந்திருந்தா அந்தக் கைதட்டு அந்த ரூமுக்குள்ள வர்றதுக்கு வழியே கெடையாதே. இலான் மேயர்னு ஒரு ஆராய்ச்சியாளர் 2003-ல எழுதின சிறுபான்மை மன அழுத்தம்னு ஒரு விளக்கம் இருக்கு, வெளில நடக்கற கொடுமை ஒரு பக்கம், அத எதிர்பாத்து எதிர்பாத்து நம்மள நாமளே ஒளிச்சுக்கறதும் வெறுத்துக்கறதும் இன்னொரு பக்கம். அந்த ரெண்டாவது பக்கம் தனக்குள்ள மட்டும் தங்காது, தன்ன மாதிரியே இருக்கற இன்னொருத்தர் மேல போய் விழும்னு அன்னிக்குத்தான் கண்ணால பாத்தேன்.

அக்கா கொஞ்ச நேரம் கழிச்சு கேட்டாங்க, "அது எந்த வருஷம்?" சொன்னார். அவங்க விரல் விட்டு எண்ணினாங்க. "அப்ப நான் அந்த லைன்லதான் காசு கேட்டுட்டிருந்தேன். நானாக்கூட இருந்திருக்கலாம்." அப்புறம் சொன்னாங்க, "எங்கண்ணன் என்னய அடிச்சதுக்குக் கட்டைய எடுத்தான். உங்கப்பன் உன்னய அடிக்க என்னய எடுத்திருக்கான். கட்டைக்கு மாதிரியே எனக்கும் தெரியல பாரு." ஐடிக்காரர் அழுதார். அக்கா எழுந்து போய் கட்டிப்புடிக்கல, சினிமால மாதிரி ஒண்ணும் நடக்கல. டீ ஆறிப்போச்சுன்னு சூடு பண்ணிக் கொண்டாந்து வெச்சாங்க.

ஒம்போதாவது வாரம் டெலிவரி தம்பிதான் கேட்டார், அந்தத் தட்டு எப்படி அவ்ளோ சத்தமா வருதுன்னு. அக்கா வாத்தியார் ஆயிட்டாங்க. சும்மா பாராட்டுக்குத் தட்டறப்ப விரலும் விரலும் மோதும். இதுல விரல விரிச்சுக்கணும், ஒரு கை நட்டுக்கா, ஒரு கை குறுக்கா, உள்ளங்கை மேட்டோட மேடு மோதணும், மோதினதும் நிறுத்தணும், வழியவிடக்கூடாது. ராத்திரி ரோட்ல நாலு பேர் சுத்தி வந்தா அக்கா கத்தமாட்டாங்களாம், ஒரு தட்டு, ரெண்டு தட்டு, அந்தத் தெருவுல இருக்கற ஜன்னலெல்லாம் தொறக்குமாம், பக்கத்துத் தெருவுல ஜமாத் (திருநங்கைங்க தங்களுக்குள்ள வெச்சிருக்கற கூட்டம்) ஆளு இருந்தா பதில் தட்டு வருமாம். "எங்களுக்கு நூறு நம்பர் இதுதான்." டீச்சர் தட்டினாங்க, தம்பி தட்டினார், நான் தட்டினது நமத்துப்போன பட்டாசு மாதிரி இருந்துச்சு. ஐடிக்காரரோட கை தொடை மேலயே இருந்துச்சு. யாரும் வற்புறுத்தல. பதிமூணாவது வாரம் வார நடப்புல, எல்லாத்தையும் சொல்லி முடிச்சுட்டு, வீட்ல பாத்ரூம்ல பைப்பத் தொறந்துவிட்டுட்டு தட்டிப் பாத்ததா சொன்னார். "வந்துச்சா?"ன்னாங்க அக்கா. "கொஞ்சம்." "வெரலச் சேத்திருப்ப."

டீச்சரப் பத்திக் கொஞ்சமா எழுதறேன், அவங்க கேட்டுக்கிட்டது அப்படி. கல்யாணமாகி பல வருஷம், கொழந்தைங்க இருக்கு, மனசு பொண்ணுங்க பக்கம்னு பதினேழு வயசுலயே தெரியும். பத்து வாரம் மத்தவங்க பேசறதுக்குத் தலையாட்டினாங்க. பதினொண்ணாவது வாரம் தாலிச் செயின விரல்ல சுத்திக்கிட்டே கேட்டாங்க, "புருஷன் பண்ணா அது இந்த ஃபார்ம்ல வருமா?" சட்டத்துல வராது. புது குற்றச் சட்டமான 2023 பாரதிய நியாய சன்ஹிதாவுலயும் பாலியல் வன்புணர்ச்சில கணவனுக்கான விதிவிலக்க அப்படியேதான் வெச்சிருக்காங்க. ஆனா ராத்திரி ரெண்டு மணிக்கு ஒடம்பு விறைச்சுப்போறதுக்குச் சட்டம் தெரியாது, வரும்னு சொன்னேன். தம்பி ஒண்ணுமே சொல்லாம புளி மிட்டாய் பாட்டில தரையோட தரையா தள்ளி அவங்க காலடில கொண்டாந்து வெச்சார். அவங்க வீட்ட விட்டு வரல, இன்னிக்கு வரைக்கும் அங்கதான் இருக்காங்க. முதுகுவலின்னு சொல்லி புள்ளைங்க ரூம்ல தரைல பாய் போட்டுப் படுக்கறாங்க, ஆறு மணி நேரம் தூங்கறாங்க.

பதினாறாவது வாரம் திரும்ப ஃபார்ம் எழுதினாங்க. நடுவுல, எட்டாவது வாரம் எழுதினப்ப நாலு பேருக்கு மார்க் ஏறிருந்துச்சு, அது நடக்கறதுதான், மூடி வெச்சத தொறந்தா கொஞ்ச நாள் வீச்சம் அடிக்கும். முடிவுல பெரும்பாலானவங்களுக்கு எறங்கிருந்துச்சு, ஒருத்தங்களுக்கு இருந்த எடத்துலயே இருந்துச்சு. எண்ணப் போடமாட்டேன், ஒப்பிட்டுப் பாக்க இன்னொரு குழு இல்லாம இத்தனூண்டு ஆளுங்கள வெச்சு ஒண்ணும் நிரூபிக்கமுடியாது. அக்கா இந்த தடவ அந்த ஒரு கட்டத்துல "அப்பா கருமாதி"ன்னு எழுதிருந்தாங்க. தம்பி க்ரேப் பேண்டேஜ விட்டுட்டு மார்ப அமுக்கி வெக்கறதுக்குன்னே தெச்ச ஒழுங்கான பைண்டருக்கு மாறினார், அதையும் எட்டு மணி நேரத்துக்கு மேல போடறதில்ல, அரசு ஆஸ்பத்திரில பாலின வழிகாட்டு கிளினிக் ஓபிக்குப் போக ஆரம்பிச்சிருக்கார். ஐடிக்காரர் அக்கா பார்லர்லதான் இப்ப முடி வெட்டிக்கறார், நல்லா வெட்டலன்னு என்கிட்ட புலம்பறார்.

ரிமைண்டர் அனுப்பற முறைய ஏழாவது வாரத்துலேருந்தே மாத்திட்டோம். வானவில்ல எடுத்தாச்சு. யாருக்கு எத்தன மணிக்கு அனுப்பலாம், ஃபோன் யார் கைல போகும், அனுப்பவே கூடாதான்னு தனித்தனியா கேட்டு எழுதினோம். மெசேஜ்ல என்ன எழுதறதுன்னு பேசினப்ப தம்பிதான் சொன்னார், ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸ்னு போடுங்க, எந்த அப்பாவும் அதுக்கு வேணாம்னு சொல்லமாட்டார்னு. ஐடிக்காரர் கேட்டா நான்தான் மாஸ்டர்னு சொல்லிடுங்கன்னார். அன்னிலேருந்து சனிக்கிழமை "நாளை 3 மணி ஸ்போக்கன் இங்கிலீஷ், நோட் கொண்டு வரவும்".

குழு முடிஞ்சு நாலு மாசம் இருக்கும். ஒரு புதன்கிழமை மத்தியானம் தெரியாத நம்பர். பின்னாடி தறியோ தையல் மெஷினோ ஓடற சத்தம். வேற ஊர்ல வேலை பாக்கறானாம், யார்கிட்டயும் எந்த ஊர்னு சொல்லலன்னான், நானும் கேக்கல. தம்பியோட நம்பர் மட்டும் மனப்பாடமா தெரிஞ்சிருக்கு, அவர்கிட்ட பேசிட்டுத்தான் எனக்கு அடிச்சிருக்கான். இத எழுதப்போறேன், உன்னயப் பத்தி வரலாமான்னு கேட்டேன். வரலாம், எலுமிச்சம்பழத்தையும் எழுதுங்கன்னான். அந்த மெசேஜுக்கு நான் மன்னிப்பு கேட்டேன், அவன் கொஞ்ச நேரம் பேசல, மெஷின் சத்தம் மட்டும் கேட்டுச்சு.

"அக்கா, அடுத்த பேட்ச் ஸ்போக்கன் இங்கிலீஷ் எப்ப ஆரம்பிக்கிறீங்க?"